மழை வந்தால் அவருக்குத்தான் ஜெயம்!

மழை பெய்தால் கிரிக்கெட் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கார்ப் பந்தயம் அப்படி அல்ல. 1920-களிலும் 1930-களிலும் ஐரோப்பாவில் கொட்டுகிற மழையிலும் பந்தயம் நடக்கும். வழுக்குகிற சாலையில் கார்கள் சீறிப் பாயும். ஆகவே பந்தய நாளன்று வானம் கறுத்தால், வீரர்களின் முகமும் கறுத்துவிடும்.

ஒருவர் முகம் மட்டும் மலரும்.

அவர்தான் ருடால்ப் கராச்சியோலா. ஜெர்மனி தேசத்து வீரர். மழை மன்னன் என்று அந்நாட்டு ஜனங்கள் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். ஜெர்மன் கிராண்ட் பிரீ என்ற பெரும் பந்தயத்தில் அவர் 6 தடவை ஜெயித்தார். அந்த எண்ணிக்கையை வேறு யாரும் எட்டியதில்லை. 1935, 1937, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பிய சாம்பியன் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மூன்று சாம்பியன் பட்டங்களையும் அவர் பெற்றது, ஒரு கால் மற்றொரு காலைவிட 5 சென்டி மீட்டர் குட்டையாகிப்போன பிறகு! அது எந்தக் கால் தெரியுமா? ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற வலது கால். மழையில் கார் ஓட்டுகிறவனுக்குக் கையைவிட முக்கியமான கால்.

ஓட்டல்காரர் மகன்

ரைன் நதிக்கரையில் ரெமாகன் என்று ஓர் ஊர். அங்கே 1901-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி கராச்சியோலா பிறந்தார். பெற்றோர் ஓட்டல் நடத்தி வந்தார்கள். பெயர் ஜெர்மன் பெயராகத் தோன்றவில்லையே என்கிறீர்களா? அவருடைய மூதாதையர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

பையனுக்கு ஓட்டல் தொழிலில் நாட்டம் இல்லை. மோட்டார்தான் அவனை இழுத்தது. ஆகென் நகரில் இருந்த பாப்னீர் கார்த் தொழிற்சாலையில் தொழில் பழகச் சேர்ந்தான். முதல் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. ஆகென் நகரில் பெல்ஜியப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. 1923-ல் ஒரு நாள் இரவு, கேளிக்கை விடுதி ஒன்றில் தகராறு மூண்டது. பெல்ஜியச் சிப்பாய் ஒருவனைக் கராச்சியோலா ஓங்கிக் குத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருப்பது ஆபத்து. மூட்டையைக் கட்டிக்கொண்டு டிரெஸ்டன் நகருக்குப் போனார்.

அங்கே மெர்சிடிஸ் கார்களை விற்கும் வேலை கிடைத்தது. வாரம் முழுவதும் கார் விற்பார். சமயம் வாய்த்தபோது பந்தயம் ஓட்டுவார். சிறு சிறு பந்தயங்களில் ஜெயித்துக்கொண்டே வந்தார்.

குத்து விடுகிற கை அவருக்கு இருந்தது. ஆனால் கால் அப்படியல்ல. முட்டையின் மேல் வைத்தால்கூட உடையாது என்று சொல்லலாம். அவ்வளவு மெதுவான கால்!

ஜெயித்தது தெரியாமல் ஜெயித்தார்

1926-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, முதலாவது ஜெர்மன் கிராண்ட் பிரீ நடந்தது. இடம், பெர்லின் நகரை அடுத்த ஆவுஸ் சாலை. இரண்டு நீண்ட நேர் சாலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரு முனைகளிலும் வளைவு. ஒரு சுற்றுக்கு 19 கிலோ மீட்டருக்கு மேல். மொத்தம் 20 சுற்று.

மெர்சிடிஸ் கம்பெனிக்கு இந்தப் பந்தயத்தில் அக்கறை இல்லை. ஸ்பெயினில் நடக்கும் பந்தயத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். கராச்சியோலா ஸ்டட்கார்ட்டுக்கே போய் முதலாளிகளிடம் மன்றாடினார். கடைசியில் ஒரு கார் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனியின் பெயரில் அல்ல, சொந்தப் பொறுப்பில் ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தோற்றால் தோல்வி அவருடையது. ஜெயித்தால் பெருமை கம்பெனிக்கு! வியாபாரிகளின் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அது 2 லிட்டர் என்ஜினும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட கார். விசை அதிகம், பிடிவாதமும் அதிகம். 1924-ம் ஆண்டில் இத்தாலியின் மோன்சா மைதானத்தில் ஸ்பரோவ்ஸ்கி பிரபு மரத்தில் மோதி உயிரிழந்தது இத்தகைய மெர்சிடிஸில்தான்.

கொடி விழுந்தது. மற்ற கார்கள் பாய்ந்தன. கராச்சியோலாவின் என்ஜின் நின்றுவிட்டது! பக்கத்தில் இருந்த மெக்கானிக் சால்ஸர் கீழே குதித்துக் காரைத் தள்ளினார். என்ஜின் உயிர் பெறுவதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது. கடைசி ஆளாகப் புறப்பட்டார்.

பிறகு மழை வந்தது.

சறுக்குவது ஏன்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, காரின் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த நாளில் பந்தயக் கார்கள் பெரும்பாலும் பின் சக்கரத்தால் ஓடுபவை. என்ஜின் முன்னால் இருக்கும். அதன் விசை நீண்ட தண்டு வழியாகப் பின்னால் போய்ப் பின் சக்கரங்களைச் சுழற்றும். அவை காரை முன்னே தள்ளும். முன் சக்கரங்களுக்கு வழி திருப்பும் வேலை. நம் நாட்டில் 2014-ம் ஆண்டு வரை தயாரான அம்பாசடர் கார் இந்த ரகந்தான்.

டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அங்கே கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. பின் சக்கரத்துக்கு அதில் இரண்டு செலவு. காரை முன்னே தள்ள வேண்டும். வளைவில் திரும்பும்போது காரின் பின்பக்கம் வெளியே ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். காய்ந்த சாலையில் சம்பளம் தாராளம். இரண்டு செலவையும் தாங்கும். மழை பெய்தால் சம்பளத்தில் வெட்டு விழுந்துவிடும். அப்போது ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால், உள்ளது அத்தனையும் தள்ளுகிற செலவுக்கே போய்விடும். சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். பக்கவாட்டில் பிடிக்க ஒரு காசும் மிச்சம் இராது. காரின் வால் வெளியே வீசும். ஒரு கணம் அசந்தால் கார் பம்பரமாகிவிடும்.

வால் வீசினால் என்ன செய்வது? பிரேக்கைத் தொடக் கூடாது. வால் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஆக்ஸிலேட்டரில் உள்ள காலை மெள்ளத் தளர்த்த வேண்டும். மெள்ள என்பதுதான் முக்கியம். பயந்துபோய் வெடுக்கென்று காலை எடுத்தால், என்ஜினே பின் சக்கரங்களுக்குப் பிரேக் போட்டுவிடும். காரின் பாரம் முன்பக்கம் சாயும். பின்பக்கம் லேசாகி, முன்னைவிட மோசமாக வீசும். அதிகம் மிதித்தாலும் கெடுதல், அடியோடு விட்டாலும் கெடுதல். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. அதில் காலை வைத்திருக்க வேண்டும்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் ஓடுபவை. அளவு மீறினால் மூக்கு நேரே போகுமே தவிர, வால் அவ்வளவு எளிதில் வீசாது. பின் சக்கரக் கார்களிலும், சக்கரம் சுழலத் தொடங்கிய மறு கணமே விசையைக் குறைக்கும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. 1926-ல் அந்தக் கருவியின் வேலையைச் செய்ய மனிதனின் பாதம் ஒன்றுதான் இருந்தது.

மழையிலும், முதல் சில நிமிஷத்து மழைதான் பொல்லாதது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகிவிடும். ஆவுஸ் சாலை அன்று அப்படித்தான் ஆயிற்று. அடுத்தடுத்துக் கார்கள் சறுக்கின. முன்னணியில் பறந்த ரோஸன்பெர்கரின் மெர்சிடிஸ், வளைவில் பிடி இழந்து, நேரம் குறிக்கிறவர்கள் இருந்த கூண்டின் மேல் மோதியது. மூன்று பேர் மாண்டார்கள்.

கராச்சியோலா சென்றுகொண்டே இருந்தார். முன்னால் யார், பின்னால் யார் என்பது தெரியவில்லை. கண்ணுக்கு முன் தண்ணீர்த் திரை. நடுவில் ஸ்பார்க் பிளக் பழுதாகிக் காரை நிறுத்திப் பிளக்கை மாற்ற நேர்ந்தது. பந்தயம் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார். இருந்தாலும் விடவில்லை. 20 சுற்றும் முடிந்து காரை நிறுத்தியபோது கூட்டம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. அப்போதுதான், முதலில் வந்தது தாம் என்பது அவருக்குத் தெரிந்தது!

அப்போது வயது 25. பரிசுப் பணம் 17,000 மார்க். அந்தப் பணத்தில் பெர்லினில் பணக்காரர்கள் நடமாடும் குர்பர்ஸ்டென்டாம் வீதியில் மெர்சிடிஸ் விற்பனை நிலையம் வைத்தார். காதலி சார்லட்டை மணந்தார். சார்லி என்று அழைக்கப்பட்ட அந்த அம்மாள், பந்தயங்களில் கணவரின் நேரத்தைக் குறிக்கும் கணக்குப் பிள்ளையாகவும் இருந்தார்.

வெள்ளை யானைகள்

அடுத்த சில ஆண்டுகள் அவர் ஓட்டியவை மெர்சிடிஸின் பெரிய வெள்ளை நிறக் கார்கள். 7 லிட்டர் என்ஜின். அவற்றில் சூப்பர்சார்ஜர் என்ற காற்றடைக்கும் கருவி உண்டு. ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை அழுத்தினால்தான் அது வேலை செய்யும். அலறிக்கொண்டு எழும். விசை ஒரேயடியாகக் கூடும். காய்ந்த நேர் சாலையில் அது வரம். ஈரமான வளைவில் அதுவே சாபம். எந்த இடத்தில் கடைசி வரை அழுத்துவது, எந்த இடத்தில் ஒரு விரற்கடை மிச்சம் வைப்பது என்று ஒவ்வொரு வளைவிலும் முடிவு செய்ய வேண்டும்.

1929 ஆகஸ்டில், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகருக்குப் பக்கத்தில் ஆர்ட்ஸ் சாலைகளில் டூரிஸ்ட் டிராபி பந்தயம் நடந்தது. சிறிய கார்களுக்குச் சலுகை. பெரிய கார்கள் அவற்றுக்குச் சில சுற்றுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். கராச்சியோலாவின் கார்தான் பெரியவற்றில் பெரியது. கிராமத்துச் சாலைகள், கல் சுவர்கள், குறுகிய தெருக்கள். அன்று மழை வேறு. அந்த யானையை வைத்துக்கொண்டு அவர் முதலாவதாக வந்தார். இங்கிலாந்து ஜனங்களுக்கு அவர் பெயர் தெரிந்தது அன்றுதான்.

1931-ம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயம். ஆயிரம் மைல் தூரத்தை 16 மணி 10 நிமிஷத்தில் ஓட்டினார். இத்தாலியர் அல்லாத ஒருவர் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அது மழையின் கதை அல்ல. ஆகையால் அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

அதே ஆண்டு ஜூலையில் நூர்பர்க்ரிங்கில் ஜெர்மன் கிராண்ட் பிரீ. ஐபில் மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகும் பாதை அது. ஒரு சுற்று 22 கிலோ மீட்டருக்கு மேல். ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போதே மறு பக்கம் மழை கொட்டும் சீமை. எதிரிகள் புகாட்டி, மஸராட்டி கார்களில் வந்திருந்தார்கள். கச்சிதமான கார்கள். கராச்சியோலாவின் மெர்சிடிஸ் அவற்றைவிட மிகவும் கனம். காய்ந்த சாலையானால் வளைவுக்கு வளைவு அவர்கள்தான் முன்னேறியிருப்பார்கள். ஆனால் பந்தயம் மழையில் தொடங்கியது. வழுக்கும் தரையில் யாரும் முழு விசையைப் பயன்படுத்த முடியாது. அப்படியானால் கார் லேசா கனமா என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. யாருடைய கால் பதமானது என்பதே கேள்வி. தொடக்கத்திலேயே கராச்சியோலா தூரம் போய்விட்டார். பிற்பாடு சாலை காய்ந்தது. புகாட்டி வீரர் ஷிரோன் துரத்தித் துரத்தி வந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசத்தில் மெர்சிடிஸ் ஜெயித்தது.

அந்தப் பாதையில் வட்டமாகத் திரும்பும் ஒரு வளைவு உண்டு. அதன் உள்பக்க ஓரத்தில், தண்ணீர் ஓடுவதற்கு ஒரு சரிவான வாய்க்கால் இருந்தது. மற்றவர்கள் அதற்கு ஒதுங்கிப் போவார்கள். கராச்சியோலா வேண்டுமென்றே உள்பக்கச் சக்கரங்களை அந்த வாய்க்காலில் இறக்கிவிட்டார். சரிவு காரைத் தாங்கிப் பிடித்தது. கார் வெளியே சறுக்காமல் திரும்பியது. இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சொல்கிறார்கள். பிறகு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். அவருடைய நூறாவது பிறந்த ஆண்டான 2001-ல் அந்த வளைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மொனாக்கோவில் விபத்து

பொருளாதார மந்தத்தால் மெர்சிடிஸ் கம்பெனி பந்தயத்தை விட்டது. 1932-ல் கராச்சியோலா ஆல்பா ரோமியோ கார் ஓட்டினார். 1933-ல் ஷிரோனும் அவரும் நண்பர்களாகிக் கூட்டாக ஒரு பந்தயக் குழு அமைத்தார்கள்.

ஏப்ரல் 20-ந் தேதி. மொனாக்கோ நகரத் தெருக்களில் ஒத்திகை ஓட்டம். கடலோரத்தில் டபாக் என்ற வளைவு. அதை நெருங்கும்போது கராச்சியோலாவின் காரில் பிரேக் ஏமாற்றிவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கல் சுவர். கார் சுவரில் மோதியது. காருக்கு வெளியே காலை ஊன்றினார். நிற்க முடியவில்லை. வலது தொடை எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தது.

இத்தாலியில் பொலோனா நகரத்து வைத்தியசாலை. எலும்பு வைத்தியத்தில் பேர்போன பேராசிரியர் புட்டி சிகிச்சை செய்தார். மாதக்கணக்கில் மாவுக் கட்டு. கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. இனி அவர் பந்தயம் ஓட்டுவது சந்தேகம் என்றார்கள்.

துன்பம் தனியாக வருமா? 1934 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து மலைகளில் பனிச்சறுக்கு விளையாடப் போன சார்லி, பனிப் பாறைச் சரிவில் சிக்கி இறந்தார். காலும் இல்லை, மனைவியும் இல்லை. மலைமேல் உள்ள வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார் கராச்சியோலா. யாரையும் பார்க்க விரும்பவில்லை. நண்பர் ஷிரோன் போய், விடாமல் வற்புறுத்தி, மொனாக்கோ பந்தயத்துக்கு முன் மரியாதைச் சுற்று ஒன்றை ஓட்டுவதற்கு அழைத்து வந்தார். திறந்த காரில் ஒரே ஒரு சுற்று. ஆனால் மோட்டார் சத்தத்தைக் கேட்ட பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு மெர்சிடிஸ் மறுபடி பந்தயத்துக்கு வந்தது. குழுத் தலைவர் ஆல்பிரட் நியூபவர் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஜூலையில் பிரான்ஸில் ஓடினார். கார் பழுதாகி நின்றது. ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிளாவுசன் கணவாய் ஏற்றப் பந்தயம். 21 கிலோ மீட்டருக்கு மேல் மலை ஏற்றம். தார் இல்லாத சரளைப் பாதை. சரளைக் கல் மழைக்குச் சளைத்ததல்ல. ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே வால் ஆடும். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குட்டைக் கால் மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். 15 நிமிஷம் 22 வினாடியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். புதிய சாதனை! ஆனால் நீண்ட பந்தயத்தை அந்தக் கால் இன்னும் தாங்கவில்லை. செப்டம்பரில் இத்தாலி கிராண்ட் பிரீயில் வலி பொறுக்க முடியாமல் பாதியில் இறங்கினார். பஜியோலி என்ற வீரர் அந்தக் காரை ஏற்று ஓட்டி ஜெயித்தார்.

நூறு தடவை அந்த வளைவு

அடுத்த ஆண்டே ஐரோப்பிய சாம்பியன். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து மரங்கள் அடர்ந்த பிரெம்கார்டன் பாதையில் மழையில் ஜெயித்ததும் அந்த ஆண்டில்தான். எனினும் அவருடைய வாழ்வில் எது பெரிய பந்தயம் என்று கேட்டால், 1936 ஏப்ரல் 13-ந் தேதி நடந்த மொனாக்கோ பந்தயத்தையே நான் சொல்வேன்.

அன்று காலையிலிருந்தே மழை. போதாததற்கு, டாடினி என்பவரின் காரிலிருந்து எண்ணெய் ஒழுகித் துறைமுக வளைவில் பரவியிருந்தது. தண்ணீரும் எண்ணெயும் கலந்த தரையில், இரண்டாவது சுற்றிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கார்கள் மோதி நொறுங்கின. ஷிரோன் கார் போயிற்று. கராச்சியோலாவின் தோழர் பிராஹிச்சின் கார் போயிற்று. பிற்பாடு ரோஸ்மேயரின் ஆட்டோ யூனியனும் சறுக்கி மோதி நின்றது.

முன்னால் சென்றவர் இத்தாலியின் நுவோலாரி. சாமானியரா அவர்! காரை வேண்டுமென்றே நான்கு சக்கரத்திலும் சறுக்கவிட்டு வளைவைக் கடப்பதில் மன்னர். விசை குறைந்த ஆல்பா ரோமியோவை வைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். கராச்சியோலா அவசரப்படவில்லை. சீராகத் தொடர்ந்தார். அந்த ஆண்டு மெர்சிடிஸ் நல்ல கார் அல்ல. நீளத்தைக் குறைத்துவிட்டார்கள்; நிலை கொள்ளாமல் ஆடும். நுவோலாரியின் காரில் பிரேக் தேயத் தொடங்கியதும் கராச்சியோலா முந்தினார். கடைசி வரை முந்தியே இருந்தார்.

பந்தயம் 100 சுற்று. மூன்று மணி 49 நிமிஷம் ஓடியது. காலை நொறுக்கிய அந்த டபாக் வளைவை அவர் ஈரத்தில் நூறு தடவை கடந்தார்.

பின்னால் என்ஜின்

ரோஸ்மேயர் பெயர் வந்துவிட்டது. அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்ண்டு ரோஸ்மேயர் கராச்சியோலாவுக்கு எட்டு வயது இளையவர். அவர் ஓட்டிய ஆட்டோ யூனியன் காரில் என்ஜின் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. 16 சிலிண்டர்கள். பாரம் பின்னால், ஆள் முன்னால். கார் சறுக்குவதை ஓட்டுகிறவன் முதலில் உணர்வது கண்ணால் அல்ல, உட்காரும் இடத்தால். ஆட்டோ யூனியனில் ஆள் வெகு தூரம் முன்னால் இருந்ததால், வால் கிளம்பியது அவருக்குத் தாமதமாகவே தெரியும். தெரிவதற்குள் பாதி திரும்பியிருக்கும்.

பழைய வீரர்கள் பலர் அந்தக் காரிடம் திணறினார்கள். ரோஸ்மேயர் மோட்டார் சைக்கிளில் இருந்து நேரே அதில் ஏறியவர். மாற்றிக்கொள்ள வேண்டிய பழைய பழக்கம் எதுவும் அவருக்கு இல்லை. 1935 ஜூனில் ஐபில் பந்தயத்தில், கடைசிச் சுற்று வரை முன்னால் போன அந்தப் பையனைக் கராச்சியோலா முடிவுக் கோட்டை நெருங்கும் நேரத்தில் முந்தினார். மறு ஆண்டு அதே பாதையில் மூடுபனி. பத்தடி தூரம் தெரியவில்லை. இந்தத் தடவை ரோஸ்மேயர் ஜெயித்தார். மழை மன்னன் ஒருவர் இருந்த நாட்டில் பனி மன்னன் ஒருவரும் தோன்றினார்.

1937-ல் மெர்சிடிஸின் புதுக் கார் வந்தது. என்ஜினியர் உலன்ஹவுட் வடிவமைத்தது. ஏறக்குறைய 600 குதிரைச் சக்தி. கார், எண்ணெய், தண்ணீர், டயர் நீங்கலாக, 750 கிலோதான். மணிக்கு 240 கிலோ மீட்டர் வேகத்தில்கூட ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின் சக்கரம் பிடி விட்டுச் சுழலும் என்பார்கள். அதைச் சமாளிக்க, ஸ்பிரிங்குகளை மென்மையாக வைத்து, மேடு பள்ளத்தில் பின் சக்கரங்கள் சாயாமல் நிமிர்ந்து நிற்கும்படி அச்சை மாற்றியிருந்தார்கள். அந்தக் காரில் கராச்சியோலா இரண்டாவது தடவை சாம்பியன் ஆனார். அந்த ஆண்டில்தான் ஆலிஸ் அம்மாளை மறுமணம் செய்துகொண்டார்.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஹிட்லர் சர்க்காரின் பணம் இருந்ததை மறைப்பதற்கு இல்லை. இரு கம்பெனிகளுக்கும் சர்க்கார் மானியம் கொடுத்தது. வீரர்கள் நாஜிகளின் மோட்டார்ப் படையில் பெயர் பதிந்திருந்தார்கள். கராச்சியோலாவும் அதில் ஒருவர். ஆனால் குடியிருந்தது சுவிட்சர்லாந்தில்.

1938 ஜனவரி 28. பிராங்க்பர்ட்டிலிருந்து டார்ம்ஸ்டட் செல்லும் நெடுஞ்சாலை. அன்று காலை கராச்சியோலா மணிக்கு 432.7 கிலோ மீட்டர் வேகத்தில் சென்றார். பொதுச் சாலையில் அதைவிட வேகமாக ஒரு கார் ஓட 2017-ம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றே அந்தச் சாதனையை முறியடிக்க ரோஸ்மேயர் புறப்பட்டார். அதற்குள் காற்று எழுந்துவிட்டது. மரங்கள் விலகிய ஓர் இடத்தில் பக்கக் காற்று காரைத் தூக்கி வீசியது. ரோஸ்மேயருக்கு வயது 28.

கடைசி மழை

மழை மன்னனை மழை ஒரு நாள் ஏமாற்றியது. 1939 ஜூன் 25-ந் தேதி, பெல்ஜியத்தில் ஸ்பா மைதானம். கொட்டும் மழை. லா சோர்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவில் கராச்சியோலாவின் கார் சுழன்று நின்றுவிட்டது. அவருக்கு அன்று பந்தயம் முடிந்தது, உயிர் தப்பியது. அதே மெர்சிடிஸ் குழுவின் இளம் ஆங்கிலேய வீரர் டிக் சீமன் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். ஈரத்தில் சறுக்கி மரத்தில் மோதினார். கார் தீப்பற்றியது. இரவு உயிர் பிரிந்தது.

நாலே வாரங்கள் கழித்து, ஜூலை 23-ந் தேதி, நூர்பர்க்ரிங்கில் ஜெர்மன் கிராண்ட் பிரீ. மறுபடி மழை. மெர்சிடிஸ் கார்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. லாங், பிராஹிச் இருவரும் பாதியில் விலகினார்கள். மிஞ்சியவர் கராச்சியோலா ஒருவரே. 38 வயது. நடந்தால் நொண்டுவார். எத்தனையோ வளைவுகள் கொண்ட அந்த ஈரப் பாதையில், ஒரு சிறு தவறும் இல்லாமல் ஓட்டி முதலாவதாக வந்தார். அதுவே ஆறாவது வெற்றி. செப்டம்பரில் யுத்தம் மூண்டது.

யுத்த காலத்தைச் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் கழித்தார். 1946-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்குப் போனார். ஒத்திகையில் ஏதோ ஒன்று, பறவையாக இருக்கலாம், தலையில் மோதியது. கார் சுவரில் இடித்தது. பல நாள் நினைவு இல்லை. அந்த மைதானத்தின் சொந்தக்காரர் டோனி ஹல்மன், கணவன் மனைவி இருவரையும் தம் மாளிகையில் தங்கவைத்துக் குணமாகும் வரை பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டே கராச்சியோலா சுவிஸ் பிரஜை ஆனார்.

1952-ல் ஐம்பத்தோரு வயதில் மறுபடி மெர்சிடிஸ். மில்லே மிலியாவில் நாலாவதாக வந்தார். அதற்கு அடுத்த வாரங்களில் பெர்ன் நகரத்தில் ஒரு பந்தயம். பிரேக் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டது. கார் மரத்தில் மோதியது. இந்தத் தடவை இடது கால். அத்துடன் பந்தயம் நின்றது.

கடைசியில் அவர் செய்தது, முதலில் செய்த அதே வேலை. மெர்சிடிஸ் கார்களை விற்பது! ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படை முகாம்களுக்குப் போய்க் கார்களை ஓட்டிக் காட்டுவார். அந்த வேலையில் இருக்கும்போது ஈரல் நோய் கண்டது. 1959-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, காசல் நகர ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 58. உடலை லுகானோவில் அடக்கம் செய்தார்கள். அவர் வென்ற கோப்பைகள், காயமுற்றபோது அடைக்கலம் தந்த இண்டியானாபோலிஸ் மைதானத்தின் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன.